ஆர்.எஸ்.புரத்து அந்திப்பொழுது

கோயம்புத்தூரின் மேற்குப் பகுதியில், இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி விளங்குவது ஆர்.எஸ்.புரம். பழைய பேட்டைகளைப் போல வளைந்து நெளிந்து வளர்ந்ததன்று. அளந்து வகுக்கப்பட்ட குடியிருப்பு. நடுவே திவான் பகதூர் சாலை. அதனையொட்டிக் கிழக்கு, மேற்கு என்னும் அடைமொழிகளோடு சம்பந்தம் சாலை, பொன்னுரங்கம் சாலை, திருவேங்கடசாமி சாலை ஆகியவை நேராகச் செல்கின்றன. அந்தி மயங்கும் நேரத்தில் கடைவீதியின் இரைச்சலை விட்டு இச்சாலைகளுள் நுழைவோர், வீட்டுக்கு வீடு ஒரே அழுகுரலையும் ஒரே இசையையும் கேட்கலாம். அது தொலைக்காட்சித் தொடரின் ஒலி.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் பிறந்தது. 1987 சனவரியில் இராமாயணத் தொடர் வந்தபோது, இந்தி அறியாத தமிழ் இல்லங்களும் ஞாயிறு காலையில் அதன்முன் அமர்ந்தன. பெட்டி இல்லாதார் அண்டை வீட்டுக் கூடத்தில் இடம் பெற்றனர். நிகழ்ச்சி முடிந்ததும் அனைவரும் எழுந்தனர். 1993-இல் சன் தொலைக்காட்சியும், 1999-இல் 'சித்தி' தொடரும் வந்தன. அதன்பின் மாலைப்பொழுது முழுவதும் தொடர்களுக்கு உரியதாயிற்று.

பிற நாட்டார் இப்பெட்டியை எவ்வாறு ஆண்டனர்? பிரிட்டனில் 1957 வரை மாலை 6 மணி முதல் 7 மணி வரை ஒளிபரப்பே கிடையாது. பெற்றோர் குழந்தைகளை உறங்க வைப்பதற்காக விடப்பட்ட இடைவேளை அது! ஐஸ்லாந்தில் 1987 வரை வியாழக்கிழமை தோறும் தொலைக்காட்சிக்கு விடுமுறை. அன்று மக்கள் ஒருவரையொருவர் கண்டு அளவளாவினர். சப்பானில் காலைத் தொடர் ஒவ்வொன்றும் 15 நிமிடமே. ஏழை உழவர் மகளின் வாழ்வைக் கூறிய 'ஓஷின்' 1983 ஏப்ரலில் தொடங்கி, 297 பகுதிகளில், ஓராண்டிலேயே நிறைவுற்றது. இலங்கை உட்படப் பல நாடுகள் அதனைக் கண்டு கண்ணீர் உகுத்தன. நம் தொடர்களோ ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. மாமியார் மருமகள் பகை தீர்ந்தால் கதையும் தீர்ந்துவிடுமே என்ற அச்சம் போலும்!

இவ்வேறுபாட்டில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அந்நாடுகளில் நேரத்திற்கு எல்லை வகுத்தது நிலையமும் அரசும். பிரிட்டனும் ஐஸ்லாந்தும்கூடப் பின்னர் அவ்வெல்லையை நீக்கிவிட்டன. இன்று பல நாடுகளில் ஒளிபரப்பு ஓய்வதில்லை. கைப்பேசி வழியாக அது படுக்கையறைக்கும் வந்துவிட்டது. ஆகவே எல்லையிடும் பொறுப்பு இல்லத்தாரிடமே எஞ்சி நிற்கிறது.

"வாங்க, வாங்க" என்று வாய் நிறைய அழைப்பது கொங்கு மண்ணின் குணம். இன்றோ, வந்த விருந்தினர் விளம்பரம் வரும்வரை பேசக் காத்திருக்கும் கூடங்கள் உள. பள்ளியில் நடந்ததைச் சொல்ல வந்த சிறுவனும் காத்திருக்கிறான். அவன் சொல்ல வந்தது அதற்குள் மறந்தும் போகிறது. பிள்ளைகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர்க்கு இப்பெட்டி பேச்சுத்துணையாக இருப்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் பக்கத்து வீட்டார் அரைமணி நேரம் வந்து அமர்ந்தால், அத்துணையைவிட அது மேலானதன்றோ?

வாரத்தில் ஒரு மாலையை நாமே விடுமுறையாக்குவோம். அன்று உணவும் குடும்பச் செபமும் உரையாடலும் அவசரமின்றி நடக்கட்டும். முதியவர் வாழும் ஒரு வீட்டின் கதவையும் நாம் தட்டுவோம்.