அடுப்பு எரியாத விருந்து

இத்தாலியில் பார்மா நகரம். ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில், கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் விருந்து. மத்தியானமே பட்டினி கிடந்து, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போனால்... அடுப்பே எரியலை! மேஜையில் ஒரு மரப்பலகை மட்டும். 'சரிதான், இன்னிக்கு ராத்திரி பிஸ்கட்தான்' என்று நினைத்துக்கொண்டேன்.

"சும்மா நிக்காதீங்க, அடுக்குங்க!" என்றார் நண்பர். சீவி வைத்திருந்த பன்றித் தொடை இறைச்சியைத் தோசை மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். மனுஷர் பதறிப்போனார்! ஒட்டிக்குமாம். கைக்குட்டையை நழுவவிட்ட மாதிரி தளர்வாக மடித்துப் போடணும். அதையும் கடைசி நிமிஷத்தில்தான் சீவணும், இல்லாட்டி காய்ந்துவிடும். சீஸை மட்டும் ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்கணும். குளிர்ந்து கிடந்தால் ருசி தெரியாது.

"எதுவுமே சமைக்கலையா?" - கேட்டேவிட்டேன்.

சிரித்தார். "இந்தத் தொடையைப் பதப்படுத்த உப்பு மட்டும்தான். பக்கத்து லாங்கிரானோ மலைக்காற்றில் மாசக்கணக்கில் தொங்கணும். 14 மாசத்துக்குக் குறையக்கூடாது. அப்புறம் குதிரை எலும்பு ஊசியால் குத்தி, மோந்து பார்ப்பாங்க. பாஸானால்தான் கிரீட முத்திரை. இந்த சீஸுக்கு வயசு 24 மாசம்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்புறம் பலகையைக் காலி செய்ததில் என் பங்குதான் அதிகம்.

மறுநாள் போனில் அம்மா: "விருந்துக்கு என்னடா சமைச்சாங்க?"

"ஒண்ணும் சமைக்கலைம்மா. ஆனா, ரெண்டு வருஷமா தயார் பண்ணியிருக்காங்க!"