பதேர் பாஞ்சாலி: எந்தப் பிரதியை வாங்குவது?

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு எந்தப் பிரதியை வாங்கலாம் என்று நண்பர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அந்த ஒரே படம் எங்கள் அலமாரியில் மூன்று வடிவங்களில் இருப்பதே காரணம். அக்காவும் தம்பியுமான நாங்கள் இருவரும் பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வாங்கியவை அவை. புதியது வந்தபோது பழையதைத் தூக்கிப்போட மனம் வந்ததில்லை. கேள்விக்குரிய பதிலை ஒற்றை வரியில் சொல்லிவிட முடியும். ஆனால் அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிப் பதிலாகவே நிற்கும் என்று தோன்றுகிறது.

படத்தை நாங்கள் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில். பாதியில் மின்சாரம் போய்விட்டது. மழையில் நனைந்தபடி ஒரு சிறுமி தலையை ஆட்டிக்கொண்டிருந்ததும், வெண்ணிறப் பூக்களுக்கு அப்பால் ஒரு ரயில் போனதும் மட்டுமே நினைவில் தங்கின. பிறகு விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தோம். வாசித்தபோதெல்லாம் பாதியில் அறுந்துபோன அந்தப் படம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. எனவே 2002-ஆம் ஆண்டில் கடையொன்றில் அதன் விசிடி கண்ணில் பட்டதும் யோசிக்காமல் வாங்கினோம்.

விசிடி என்பது இன்று பலருக்கும் மறந்துபோன சாதனம். 352-க்கு 288 புள்ளிகளுக்குள் ஓர் உலகத்தையே அடைத்துவைக்க முயன்ற தகடு அது. 125 நிமிடப் படம் ஒரே தகட்டில் அடங்காது. எங்கள் பிரதியில் துர்கா தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்கும் இடத்தில் முதல் தகடு முடிந்துவிடும். எழுந்துபோய் இரண்டாம் தகட்டைப் போட்ட பிறகுதான் ரயில் வரும். நாணற்பூக்களின் வெண்மையும் வானத்தின் வெண்மையும் ஒன்றாகக் கரைந்து, ரயில் ஒரு கரிய கறையாகத் திரையைக் கடந்துபோகும். துர்கா இறக்கும் அந்தப் புயலிரவில் திரை முழுவதும் சிறுசிறு சதுரங்களாகச் சிதறும். காற்றில் படபடப்பது கதவா, மாடத்தில் அசைவது பிள்ளையார் சிலையா என்று ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத் துணைவரிகளின் கீழ்ப்பாதியை எங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டம் விழுங்கிவிடும்.

அந்தப் பிரதியில்தான் அம்மா எங்களோடு அமர்ந்து முழுப்படத்தையும் பார்த்தாள். வங்காளமும் ஆங்கிலமும் அறியாதவள். தேவைப்பட்ட இடங்களில் நாங்கள் சொல்லிக்கொண்டே வந்தோம். பக்கத்து வீட்டுக்காரி தன் மகளின் மணிமாலையைத் துர்கா திருடிவிட்டதாகக் கூச்சலிடுவதையும், துர்கா இல்லையென்று மறுப்பதையும் சொன்னோம். அடுத்துத் தாய் சர்பஜயா மகளின் கூந்தலைப் பற்றி இழுத்து வெளியே தள்ளுகிறாள். அதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பெத்தவளே நம்பலைன்னா அந்தப் பொண்ணு எங்க போகும்?” என்றாள்.

படத்தின் இறுதியில், ஊரைவிட்டுப் புறப்படும் நேரத்தில், மேலே இருக்கும் தேங்காய்ச் சிரட்டையை அபு எடுக்கும்போது அதிலிருந்து அந்த மாலை விழுகிறது. அவன் அதை எடுத்துக்கொண்டு ஓடிக் குளத்தில் வீசிவிடுகிறான். இக்காட்சியில் வசனமே கிடையாது. ஆகவே நாங்களும் வாய் திறக்கவில்லை. விசிடியின் மங்கலில் ஏதோ விழுந்தது, ஏதோ எறியப்பட்டது என்பது மட்டுமே தெரிந்தது. “அக்கா விளையாடின சாமான் எதையோ பார்க்கச் சகிக்காம வீசிட்டான் போலிருக்கு” என்று அம்மா தானாகவே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எங்களில் ஒருவர் திருத்தியிருக்கலாம். நாவலையும் படித்திருந்தோம். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல நாவெழவில்லை. அதன்பின் சொல்வதற்கான சந்தர்ப்பமும் வரவில்லை. துர்கா ஒருபாவமும் அறியாதவள் என்பது எங்கள் வீட்டில் முடிந்துபோன விஷயமாகிவிட்டது. யாராவது ஒரு குழந்தையைச் சந்தேகப்பட்டால், “அந்த வங்காளத்துப் பொண்ணு மாதிரி ஆயிடப்போகுது” என்பாள் அம்மா.

சில ஆண்டுகள் கழித்து, ஐரோப்பிய நிறுவனமொன்று வெளியிட்ட டிவிடி கிடைத்தது. படத்தில் தெளிவு கூடியிருந்தது. ஆனால் இசை எங்கேயோ உறுத்தியது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆயின. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் ஓடுவது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பழைய தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 சட்டகங்களைக் கேட்பது. இரண்டையும் பொருத்துவதற்கு எளிய வழி, படத்தைச் சற்றே வேகமாக ஓட்டிவிடுவது. அப்படிச் செய்தால் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். நடையில் வேறுபாட்டைக் கண் உணராது. ஆனால் ஒலியைத் தனியே சரிசெய்யாவிட்டால் சுருதி ஏறக்குறைய முக்கால் ஸ்வரஸ்தானம் உயர்ந்துவிடும்.

வேறொரு படமாயிருந்தால் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். இது ரவிசங்கர் ஒரே இரவில் அமர்ந்து இசையமைத்து முடித்த படம். வெளியூரிலிருந்து திரும்பும் ஹரிஹர், மகள் இறந்ததை அறியாமல், அவளுக்கென்று வாங்கிவந்த புடவையை எடுத்து நீட்டுகிறான். சர்பஜயா அதைப் பற்களால் கடித்துக்கொண்டு உடைந்து அழுகிறாள். அந்த அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்தில் தட்சிணாமோகன் தாகூர் வாசித்த தார்ஷெனாயில் பட்தீப் ராகம் உச்சத்தில் ஒலிக்கிறது. விசிடியில் அந்த உச்சம் பிசிறடித்தது. டிவிடியில் பிசிறில்லை. ஆனால் ஒரு தாயின் குரலாக வரவேண்டியது சற்றே மெலிந்து, அவசரப்பட்டு வந்தது. பிரதியைத் தேர்வு செய்பவர்கள் படத்தின் கூர்மையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுத்துவிடக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

இந்த இடத்தில் மூலப் படச்சுருளின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1992-இல் ரேவுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் கல்கத்தாவில் நோய்ப்படுக்கையில் இருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று மறைந்தார். அவருடைய படங்களின் பிரதிகள் எவ்வளவு சீர்கெட்டிருக்கின்றன என்பது அதையொட்டித்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மீட்டெடுக்கும் எண்ணத்தோடு சில படங்களின் மூல நெகடிவ்கள் லண்டனில் உள்ள ஹெண்டர்சன் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அங்கே பெருந்தீ மூண்டது. காப்பாற்றுவதற்காக அனுப்பப்பட்டவையே கருகின. எஞ்சிய சாம்பலையும் துண்டுகளையும் எவரும் குப்பையென்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள அகாடமி திரைப்பட ஆவணக்காப்பகம் அவற்றை வாங்கி, எறியாமல் வைத்திருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2013-இல், க்ரைடீரியன் நிறுவனத்தார் அவற்றைத் திறந்து பார்த்தார்கள். இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள ‘லிம்மாஜினே ரித்ரோவாதா’ என்ற மறுசீரமைப்புக் கூடத்துக்குச் சுருள்கள் போயின. வெப்பத்தில் உலர்ந்து ஒட்டிப்போனவற்றைக் கரைசலில் ஊறவைத்து இளக்கினார்கள். பசையையும் மெழுகையும் சுரண்டி, கிழிந்த ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் கைவேலை என்கிறார்கள். முடிவில் ‘பதேர் பாஞ்சாலி’யின் நெகடிவில் 40 சதவீதமும், ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் பயன்படும் நிலைக்கு வந்தன. ‘அபுர் சன்சார்’ சுருளில் எதுவுமே தேறவில்லை. விடுபட்ட பகுதிகளைப் பல நாட்டுக் காப்பகங்களில் இருந்த நகல் நெகடிவ்களைக் கொண்டு நிரப்பினார்கள். 1955 மே மாதத்தில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில்தான் ‘பதேர் பாஞ்சாலி’ உலகில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, 2015 மே மாதத்தில், மீட்கப்பட்ட பிரதியும் அதே இடத்தில் திரையேறியது. அவ்வாண்டின் இறுதியில் மூன்று படங்களும் ப்ளூ-ரே தகடுகளாக வெளிவந்தன.

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலம் அந்தப் பெட்டியை வரவழைத்தோம். ஆவலோடு செருகியபோது, இந்தத் தகடு இங்கே இயங்காது என்று திரை அறிவித்தது. ப்ளூ-ரே தகடுகளுக்கு உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டு போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா ‘ஏ’, இந்தியா ‘சி’. வங்காளத்துக் கிராமமொன்றில் எடுத்த படம், நியூயார்க் போய், லண்டனில் எரிந்து, போலோன்யாவில் உயிர்பெற்று, தமிழ்நாட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் பூட்டின்முன் நின்றது. எல்லா மண்டலத் தகடுகளையும் ஏற்கும் கருவியொன்றைத் தேடி வாங்கச் சில மாதங்கள் ஆயின. (பின்னாளில் வந்த 4கே தகடுகளில் இந்தத் தொல்லை இல்லை. அவ்வகைத் தகடுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது.)

2016-இல் ஓரிரவு அம்மாவையும் உட்காரவைத்துப் பார்த்தோம். முன்பு கண்டதெல்லாம் நிழல் என்று புரிந்தது. குளத்து நீர்மேல் பூச்சிகள் கால் பாவி ஓடுவது தெரிந்தது. மிட்டாய்க்காரனும் பின்னால் ஓடும் குழந்தைகளும் நாயும் நீரில் தலைகீழாகத் தெரிந்தார்கள். இந்திர் தாக்ருணாக நடித்த சுனிபாலா தேவியின் முகத்துச் சுருக்கங்களை எண்ணிவிடலாம். நாணற்காட்டில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக அசைந்தது. முதல் நாள் படப்பிடிப்புக்குப் பின் ஒரு வாரம் கழித்துத் திரும்பிவந்தால் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன என்பதும், மீதியை எடுக்க அடுத்த பருவம்வரை ரே காத்திருந்தார் என்பதும் நாங்கள் படித்தறிந்த செய்திதான். அப்படி எதற்காகக் காத்திருந்தார் என்பது அன்றுதான் விளங்கியது. அதற்குமுன் திரைப்படக் கேமராவையே இயக்கியிராத, இருபத்தொரு வயதுச் சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவு அது. தார்ஷெனாய் தன் சுருதியில், தன் நிதானத்தில் எழுந்து அடங்கியது. ஷாட்டுக்கு ஷாட் கூர்மை சற்றே மாறுவதுபோல் சில இடங்களில் எங்களுக்குத் தோன்றியது. நெருப்புக்குத் தப்பியது எது, நகலிலிருந்து வந்தது எது என்று எண்ணிக்கொண்டோம். படச்சுருளின் மணித்தன்மையை வழித்தெடுத்து முகங்களை மெழுகுபோல் ஆக்கிவிடும் வேலை இதில் இல்லை என்பதே பெரிய ஆறுதல்.

பிறகு அந்த இறுதிக் காட்சி வந்தது. சிரட்டை விழுந்தது, சிலந்தி ஓடியது. மாலை அபுவின் கையில் மணிமணியாகத் தெரிந்தது. இம்முறை எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்போ எடுத்துத்தான் இருக்கா” என்றாள். குரலில் வருத்தமா ஏமாற்றமா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தக் கணத்தில், இவ்வளவு செலவழித்து, கருவியெல்லாம் தேடி, எங்கள் அம்மாவிடமிருந்து ஒரு குழந்தையின் குற்றமின்மையைப் பறித்துவிட்டோமே என்றுதான் இருந்தது. அவளுடைய நம்பிக்கையைக் காத்துவைத்திருந்தது அந்த மட்டமான விசிடி.

திரையில் மாலை விழுந்த இடத்தில் குளத்துப் பாசி விலகி, ஒரு கரிய வட்டமாய் நீர் தெரிந்தது. பிறகு நான்கு பக்கமிருந்தும் பாசி மெல்ல நகர்ந்துவந்து அந்த வட்டத்தை மூடத் தொடங்கியது. விசிடியில் இதை நாங்களும் கண்டதில்லை. அங்கே குளம் வெறும் சாம்பல்நிறப் பரப்பாகவே இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் ஒருவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுக்க, கையமர்த்தினாள். “குளமே மூடிக்கிச்சு. நாம எதுக்குப் பேசிக்கிட்டு” என்றாள்.

அதன்பின் அவள் சர்பஜயாவையும் முன்போலத் திட்டுவதில்லை. அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளை ஒரு மணிமாலைக்கு ஆசைப்பட்டதை மட்டும் சொல்வாள். திருடாத பெண்ணுக்காகக் கோபப்பட்டவள், திருடிய பெண்ணுக்காக இன்னும் கூடுதலாக இரங்குகிறாள் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

ஆக, கேட்கும் நண்பர்களுக்கு எங்கள் பதில் இதுதான். 2015-இல் மீட்கப்பட்ட பிரதியிலிருந்து வந்ததையே வாங்குங்கள். ப்ளூ-ரே என்றால் உங்கள் கருவி அதை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். படம் 4:3 விகிதத்துக்கு மிக நெருங்கிய சட்டகத்தில் எடுக்கப்பட்டது. திரையின் இருபுறமும் கரும்பட்டை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இழுத்து விரிக்காதீர்கள். ஒலியைச் சற்றே கூட்டி வையுங்கள். மாலை விழுந்தபின் எழுந்துவிட வேண்டாம். பாசி மூடி முடியும்வரை இருந்து பாருங்கள்.

விசிடி இன்னமும் அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இப்போது எங்களிடம் இல்லை.