கடன் வாங்கிய உற்சாகம்

லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், நேயர்களே! தொப்பூர்க் கணவாயின் வளைவுகளைவிட, அங்கே கண்ணைச் சொக்க வைக்கும் தூக்கம்தான் பொல்லாதது என்பார்கள்.

என் சித்தப்பா மகன் பாலக்கோட்டுக்காரன். பெங்களூருக்கும் சேலத்துக்குமாக லாரி ஓட்டுகிறவன். விழித்திருப்பதற்காக யாரோ கொடுத்த ஊக்க மாத்திரையை விழுங்கப் பழகினான். மாத்திரை உள்ளே போனால் ராஜா! வேகம் தீர்ந்தாலோ இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். "நான் இருந்து யாருக்கு என்ன லாபம், அண்ணா?" என்று ஒரு நாள் அவன் கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

வீட்டில் இரண்டு கட்சி. "சனியனை விட்டொழித்தால் மனசு தானே தெளியும்" என்றார் சித்தப்பா. "மனசு சரியில்லாததால்தானே அதைத் தொட்டான்?" என்றாள் சித்தி. எந்தக் கட்சி சரி என்கிறீர்களா? இரண்டுமே பாதி சரி!

1930-களில் அமெரிக்காவில் ஆம்பெட்டமின் என்ற ஊக்க மருந்தை மனச்சோர்வுக்கு மருந்தாகவே விற்றார்கள். ஆனால் அது தரும் உற்சாகம் சொந்தப் பணமல்ல. கந்து வட்டிக் கடன். வேகம் இறங்கியதும் வட்டியோடு சோர்வு வாசலில் வந்து நிற்கும். அதைத் துரத்த இன்னொரு மாத்திரை!

ஆகையால் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை வேண்டும். பழக்கத்தை நிறுத்தியதும் வரும் சோர்வு பலருக்குச் சில வாரங்களில் தெளியும். தெளியாவிட்டாலோ, முன்பே இருந்திருந்தாலோ அது தனி நோய். அதற்கு மாத்திரையும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. ஊக்க மாத்திரைப் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரைகள் சில அதனுடன் சேர்ந்தால் ஆபத்து.

ஆம்பெட்டமின் பழக்கத்துக்கென்றே அங்கீகாரம் பெற்ற மாத்திரை இன்னும் இல்லை. மனப் பயிற்சிதான் கை கொடுக்கிறது. சில தேசங்களில் சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருக்கும்போதெல்லாம் சிறு பரிசு கொடுக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நன்றாகப் பலிக்கிறது!

"போலீஸ் வருமே!" என்று சித்தப்பா பயந்தார். 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவைக் காட்டினேன். சொந்த உபயோகத்துக்காகச் சிக்கியவர்கூட, தாமே அரசாங்க அங்கீகாரம் பெற்ற இடத்துக்குச் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

தம்பி இப்போது பகல் சவாரி மட்டும் போகிறான்; மாதம் தவறாமல் டாக்டரையும் பார்க்கிறான்.

உங்கள் வீட்டிலும் யாராவது "இருந்து என்ன லாபம்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தருமபுரியிலேயே இருக்கிறது. கூடவே நீங்களும் போங்கள். துணைக்கு ஒரு ஆள் இருந்தால் பாதி பாரம் குறையும்!