வெள்ளிக்கிழமை விடுமுறை

எங்கள் ஊர்க் கிளை நூலகம் வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே உரக்கடை. படியேறும்போதே பூச்சிமருந்து வாடை. கதவைத் தாண்டினால் பழந்தாள் வாடை. மாலையில் நூலகர் அக்கா வந்து பூட்டைத் திறப்பதற்கு முன்பே நான் படியில் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டு ஓய்ந்து தூங்க இரவு எட்டாகிவிடும். அதுவரை எங்காவது இருக்க வேண்டும். ஊரில் எங்கே போனாலும் கேள்விதான். டீக்கடையில் கேட்பார்கள், பள்ளியில் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டவும் செய்வார்கள். நூலகர் அக்கா மட்டும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "பேரெழுதிட்டியாப்பா?"

அந்த வருகைப் பதிவேட்டை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், தந்தி பேப்பருக்காக வரும் சைக்கிள் கடைக்காரர், அடுத்த வரியில் நான். என் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு அம்புலிமாமா பார்க்க வரும் ஒரு சிறுமிக்கும் இருந்தது. தம்பி அழுதால் அக்கா வாங்கி வைத்துக்கொள்வார்.

உறுப்பினராகக் காப்புத்தொகை கட்ட வேண்டும். அதை வீட்டில் கேட்க முடியாது. அதனால் நான் பாதி படித்த புத்தகத்தை வேறு யாரும் எடுத்துப் போகாதபடி அக்கா தன் மேசை டிராயரில் வைத்திருந்து மறுநாள் தருவார். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த வழவழப்பான கதைப் புத்தகங்களை அப்படித்தான் படித்து முடித்தேன். மூடும் நேரம் வந்தால் நாளிதழ்களை அடுக்குவார், கலைத்து மறுபடி அடுக்குவார், ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார். மூன்று ஜன்னல்களுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றில் இரண்டாவது. அவரது முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி, அந்தப் பணத்தில்தான் ஊர் நூலகங்கள் நடக்கின்றன. எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. யார் யாரோ கட்டிய வரியில் எரிந்த குழல்விளக்கின் கீழ் நான் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு அது தெரியாது. அந்தக் கடன் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் நூலகம் விடுமுறை. அன்று பேருந்து நிலையத்தில், ஊருக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் அடுக்கு மாடிகளாக எழுந்திருக்கும் நூலகங்களில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. போய்ப் பார்த்து மனம் நிறைந்தேன். ஆனால் அடிவாங்கிய பிள்ளை பஸ் ஏறிப் போகாது. நடந்து போகும் தூரத்தில், மாலையில், ஆள் இருக்கிற ஓர் அறை அதற்கு வேண்டும். கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் ஆளின்றிப் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

நான் எட்டாவது படிக்கையில் அக்கா மாற்றலாகிப் போனார். எந்த ஊர் என்று அப்போது சொன்னார்கள், மறந்துவிட்டது. அங்கேயும் ஒரு பிள்ளை மாலையில் படியேறி வந்திருக்கும். அதற்காகவும் அவர் ஜன்னல்களை மெதுவாகச் சாத்தியிருப்பார். முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு இன்னும் பொறாமை உண்டு.