ஏறிடலாம் சார்... இறங்கணுமே!

காலாண்டு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சென்னையில் இருந்து ஒரு கார் கொடைக்கானலுக்குக் கிளம்புகிறது. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின் சீட்டில் பாட்டி. மொத்த தூரம் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். விக்கிரவாண்டியில் பொங்கல், வடை, காபி எல்லாம் முடித்துவிட்டு வண்டியை எடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாய் ஒரு விளக்கு. நடுவில் வட்டம், இரண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி விட்டு விட்டு வரைந்த கோடுகள்.

"என்னங்க அது, புதுசா எரியுது?"

"ஒண்ணுமில்ல. சென்சார் ஏதாவது மக்கர் பண்ணும்."

இந்த "ஒண்ணுமில்ல" இருக்கிறதே, வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்! அவர் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். நன்றாகவே பிடித்தது. "பார்த்தியா?" என்றார்.

ஏமாறும் இடமே இதுதான். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலும் சாதாரண ரோட்டில் புதிது மாதிரிதான் பிடிக்கும். அதனால்தான் காலுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்ட ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். புதுப் பேடில் உராயும் பகுதி 10 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய கம்பி. பேட் தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போது கம்பி டிஸ்க்கில் உரசி அறுந்துவிடும், விளக்கு எரியும். எல்லா வண்டியிலும் இந்த வசதி கிடையாது. பல வண்டிகளில் ஒரு சின்னத் தகடு டிஸ்க்கில் பட்டு 'கீச்'சென்று கத்தும், அவ்வளவுதான்.

அப்படியானால் விளக்கு எரிந்த உடனே பிரேக் போய்விட்டது என்று அர்த்தமா? இல்லை. கையிருப்பில் கை வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். (ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு வேறு கதை. ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும் அது எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். உடனே ஓரம் கட்டவேண்டியதுதான். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டமும் இறங்கும். வெறும் ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.)

சரி, காருக்கு வருவோம். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டல் ரூமுக்கு இரண்டு நாள் வாடகை முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. திருப்பித் தரமாட்டார்கள். இப்போது நின்றால் அந்தப் பணம் போச்சு.

மனைவியின் கணக்கு வேறு. "நின்னாலும் அந்தப் பணம் வராது, போனாலும் வராது. போனது போனதுதான். அதை எதுக்கு இப்ப சேர்க்கறீங்க?"

பி.காம் முதல் வருடத்திலேயே வந்துவிடும் பாடம் இது. மூழ்கிப்போன செலவை வைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எல்லோரும் எழுதிவிடுவார்கள். ரோட்டில் எழுதுவதுதான் கஷ்டம்.

கடைசியில் ஒரு சமரசம். திருச்சி வரை மெதுவாகப் போவது, அங்கே காட்டிவிட்டு மேலே போவது. இடது பக்கமாகவே ஓட்டினார். முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடம் விட்டு, பிரேக்கை மிதிக்காமல் முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து ஓட்டினார். நாலுவழிச் சாலை என்பதால் ஏறக்குறைய 170 கிலோமீட்டரில் பிரேக்குக்குப் பெரிய வேலை வரவில்லை.

திருச்சி பைபாஸ் ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் முன்பக்கச் சக்கரங்களைக் கழற்றினார். சென்சார் இருந்தது இடது பக்கம் மட்டும்தான். அதில் மூன்று மில்லிமீட்டர், விளக்கு சொன்னபடியே. வலது பக்கம் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகிப்போய், உள்பக்கப் பேட் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! அங்கே சென்சார் கிடையாது. யார் சொல்வது?

"மெதுவா கொடைக்கானல் போயிடலாம்ல?" என்று அப்போதும் கேட்டார் அவர்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏறிடலாம் சார்... இறங்கணுமே!"

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்வியே தப்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்த, சுமார் 5.8 லட்சம் ஜூல் ஆற்றலைச் சூடாக மாற்றவேண்டும். அதே கார் கொடைக்கானலில் இருந்து 1,700 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் கணக்கு 2.5 கோடி ஜூலுக்கு வருகிறது. அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நாற்பது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மலைப்பாதையில் அதற்குத்தான் போர்டு வைக்கிறார்கள். நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய எல்லாமே பிரேக்கின் தலையில்தான்.

பேட் மெல்லிசாக இருந்தால் இன்னொரு ஆபத்து. டிஸ்க்கின் சூடு பேடைத் தாண்டிச் சுலபமாக ஆயிலுக்குப் போய்விடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் 'பொசுக்'கென்று தரை வரை போகும், வண்டி நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை. இரவு திருச்சியில் தங்கல். பிள்ளைகள் மலைக்கோட்டை ஏறினார்கள். மறுநாள் இரண்டு பக்கமும் புதுப் பேட் போட்டு, பின்னைச் சுத்தம் செய்து, ஆயிலையும் மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கொடைக்கானலில் இரண்டு நாள் ஒரு நாளாகிவிட்டது. "எல்லாம் இந்த விளக்கால வந்தது" என்று ஏறும்போது ஒருமுறை முணுமுணுத்தார் அவர். யாரும் பதில் சொல்லவில்லை.

இறங்கும்போது சொல்லவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. அவர் மிதித்தார், வண்டி நின்றது. அவ்வளவுதான் சம்பவம்.

அந்த மஞ்சள் விளக்கு எரிவது ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராகத்தான். பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, எதிரே வருகிறவருக்கும் தெரியாது. அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒருவர் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுகிறார்.

பஸ் ஒதுங்கிப் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். பாட்டி வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.