செஞ்சியில் தங்கம் கிடைக்குமா?

வெளிநாட்டில் சில கிராமத்து விடுதிகளில், தங்க வருபவர்களிடம் ஒரு தட்டைக் கொடுத்து ஓடை மணலை அரிக்கச் சொல்வார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் தங்கத் துகள்! நம் நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கமும் தங்கம் அரித்தார்கள். 1880 வாக்கில் அதை நம்பி லண்டனில் கம்பெனிகள் பங்கு விற்றன. சில வருடங்களில் எல்லாம் படுத்துவிட்டன.

செஞ்சியில் அரிக்கத் தங்கம் இல்லை. கதைதான் உண்டு. ஆனந்தக் கோன் என்ற இடையர் ஆடு மேய்க்கும்போது மலைப் பொந்தில் புதையல் கண்டு, அதை வைத்துக் கோட்டை கட்டினாராம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஆனால் வருபவர்கள் பலரும் 800 அடி ராஜகிரியில் ஏறி, போட்டோ எடுத்து, சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கினால் மறுநாள் காலை திருநாதர்குன்றுக்குப் போகலாம். ஊருக்கு வடக்கே சின்னக் குன்றுதான். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள்! பக்கத்தில் பழைய கல்வெட்டு ஒன்று: சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட செய்தி.

புதையல் எடுத்தவர் கதையில் இருக்கிறார். எல்லாவற்றையும் விட்டவரோ கல்லில் இருக்கிறார். அந்தப் பாறையைத்தான் காப்பாற்ற வேண்டும். போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். முக்கியமாக, பாறையில் பெயர் எழுதாதீர்கள்!