முறுக்கும் மூச்சும்

சோழவந்தானில் அப்போது ரேடியோ வைத்திருந்த வீடுகள் குறைவு. விலை கொடுத்து வாங்கினால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டும். கொடிக்கால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அதற்கெல்லாம் ஏது வழி?

அந்த வீட்டுச் சிறுமிக்குத்தான் 1963-ல் வானொலியில் பாட வாய்ப்பு வந்தது. மதுரைக்கெனத் தனி நிலையம் இல்லாத காலம். 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம்தான் இந்தப் பக்கத்துக்கும். சிறுவர் நிகழ்ச்சிக்கு நான்கு பிள்ளைகளை டீச்சர் கூட்டிப் போனார். கரி எஞ்சின் இழுத்த மீட்டர் கேஜ் பாசஞ்சர். மணப்பாறையில் முறுக்கு வாங்கித் தந்த டீச்சர், "பாடி முடிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

நாடகம், விடுகதை, பாட்டு எல்லாமே நேரடி ஒலிபரப்பு. பேப்பர் சரசரத்தால்கூட ஊருக்கே கேட்கும் என்று எச்சரித்திருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் சிறுமிக்கு நாக்கு வறண்டது. வெற்றிலைக் கொடியைப் பற்றி டீச்சர் எழுதித் தந்த பாட்டை எப்படியோ பாடி முடித்தாள்.

ராத்திரி வீடு திரும்பியபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டாரா, இல்லையா? கேட்கவும் பயம். சாப்பிடாமல் பத்திரப்படுத்திய முறுக்கை நீட்டினாள். வாங்கிக்கொண்டவர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு எடத்துல மூச்சு வாங்குச்சே ஆத்தா... தண்ணி கிண்ணி குடுக்கலையா?"

வேலையைப் பாதியில் விட்டு, சேற்றுக் காலோடு காபி கிளப் வாசலில் நின்றே அவர் முழுப் பாட்டையும் கேட்டதை மறுநாள் அம்மா சொன்னாள்.

அந்தப் பாட்டுக்கு ஒலிப்பதிவு கிடையாது. காற்றில் போனது போனதுதான். பாடியவளும் கேட்கவில்லை. அப்பா காதில் விழுந்ததுதான் ஒரே சாட்சி. அவரும் போய் வெகுகாலமாகிறது.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட அந்தச் சிறுமியிடம் பேத்தி செல்போனை நீட்டுகிறாள். "பாட்டி, அதே பாட்டைப் பாடுங்க. ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

பாட்டி தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "இரு, மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."